சம்பளத் துண்டில் வரும் சில ஆங்கிலச் சொற்கள்

வயலை விட்டு வந்து ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தோர் சில ஆங்கிலச் சொற்களை அறிந்திருத்தல் நன்று. 'எம்ப்ளோயர்' வேலை கொடுப்பவர்; 'எம்ப்ளோயீ' வேலை செய்பவர். ஓசையில் சிறு வேறுபாடுதான், பணத்தில் அப்படியல்ல. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முன்னவர் 12 வீதமும் பின்னவர் 8 வீதமும் செலுத்தவேண்டும். 'டிடக்ஷன்' என்பது கழிவு. இந்நிதிக்காக உங்கள் சம்பளத்தில் 8 வீதம் மாத்திரமே கழிக்கலாம். 20 வீதமும் கழித்திருந்தால் விளக்கம் கேளுங்கள்.

'கஷுவல்' என்றால் தற்காலிக வேலையாள். “கஷுவலுக்கு நிதி கிடையாது” என்று சிலர் சொல்ல நாமும் கேட்டிருக்கிறோம். அது தவறு. முதல் நாளிலிருந்தே அவருக்கும் உரித்துண்டு.

'மெம்பர் நம்பர்', அதாவது அங்கத்துவ இலக்கத்தை, வீட்டில் இருவராவது எழுதி வைத்திருங்கள். இடம்பெயர்ந்தபோது எத்தனை கடதாசிகளைத் தொலைத்தோம்!