எலி வளையானாலும் தனி வளை

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் பழமொழி. அந்த வளைக்கு இரண்டு சக்கரங்கள் பூட்டி, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றால் எப்படி இருக்கும்? அமெரிக்கர்கள் 'கேம்பிங் டிரெய்லர்' என்று சொல்வது இதைத்தான். காசுள்ளவர்கள் அதைக் கடையில் வாங்குகிறார்கள். காசில்லாதவர்கள் தம் வீட்டுக் கொட்டகையில் தாமே கட்டிக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை இரண்டாம் வகையாரைப் பற்றியது. மூன்றாமாண்டு இயற்பியல் மாணவனாகிய எனக்கு அந்தச் சிறிய பெட்டிக்குள் நம் பாடநூலின் மூன்று பாடங்கள் கிடைத்தன. அவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சிறு வரலாறு

போர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார் சாதாரண மக்களின் கைக்கு எட்டியபின், அமெரிக்கக் குடும்பங்கள் கூடாரமும் அடுப்புமாக நெடுஞ்சாலைகளில் புறப்பட்டன. 1919 ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் இத்தகைய பயணிகள் கூடிச் சங்கமே அமைத்தனர். அதன் பெயர் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்', அதாவது தகர டப்பாச் சுற்றுலாக்காரர்கள்! 1930களில் கண்ணீர்த்துளி வடிவிலான சிறு டிரெய்லர்கள் தோன்றின. முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து இறங்கும் உருவம். உள்ளே இருவர் படுக்க மட்டுமே இடம். பின்புற மூடியை மேலே தூக்கினால் அங்கே சமையல் மேடை. சமைப்பவர் வெளியே நின்றுதான் சமைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947 இல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற இதழ் இவ்வண்டியைக் கட்டும் வரைபடங்களை வெளியிட்டது. சுத்தியலும் இரம்பமும் பிடிக்கத் தெரிந்த பலர் அதைப் பார்த்துக் கட்டினர்.

அன்று ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் மூலப்பொருள்கள். இன்று அங்கே சிலர் வீட்டுச் சுவருக்கு வெப்பக்காப்பாகப் பயன்படும் பாலிஸ்டைரீன் நுரைப்பலகையை வெட்டி ஒட்டி, மேலே கித்தான் துணியைப் பசையில் தோய்த்துப் போர்த்தி, வெளிச்சுவருக்கு அடிக்கும் பெயிண்டைப் பல முறை பூசிவிடுகிறார்கள். நமக்குப் பழக்கமான தெர்மாகோலின் நெருங்கிய உறவினர்தான் இந்த நுரைப்பலகை. தெர்மாகோலில் வீடா என்று நகைக்கத் தோன்றும். நானும் முதலில் நகைத்தவன்தான்.

முதற்பாடம்: தோலும் சதையும்

எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகை, 12 மி.மீ. தடிப்பில், ஏறத்தாழ 21 கிலோ எடை இருக்கும். அதே நீள அகலத்தில் 50 மி.மீ. தடிப்புள்ள நுரைப்பலகை ஏறத்தாழ நாலரைக் கிலோதான். எடை குறைவு, சரி. வலிமை எங்கிருந்து வரும்?

ஒரு பலகை வளையும்போது அதன் ஒரு முகம் இழுபடுகிறது, மறு முகம் அமுங்குகிறது. நடுப்பகுதிக்கு வேலை மிகக் குறைவு. எனவே வலுவான பொருளை இரு முகங்களிலும் வைத்து, நடுவில் இலேசான பொருளை நிரப்பினால் போதும். செவ்வகக் குறுக்குவெட்டுள்ள பலகையின் விறைப்பு, தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. 6 மி.மீ. பலகைக்கு அந்த எண் 216. அதையே இரண்டு 3 மி.மீ. தகடுகளாக்கி, நடுவில் 6 மி.மீ. நுரையை ஒட்டுங்கள். மொத்தத் தடிப்பு 12 மி.மீ. அதன் மும்மடி 1728. நடுவிலுள்ள நுரைக்காக 216 ஐக் கழித்தால் 1512. அதாவது ஏழு மடங்கு விறைப்பு! நுரையை 18 மி.மீ. ஆக்கினால் 37 மடங்கு. கூடிய எடையோ சிறிதளவே. நுரை நழுவாமல் இரு முகங்களையும் இணைத்துப் பிடிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 1940 இல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் 'மாஸ்கிட்டோ' போர் விமானத்தின் உடல் இந்த முறையில்தான் அமைந்தது. மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகைகள் இரண்டு, நடுவே பால்சா மரம்.

இதைச் சோதிக்க எண்ணி, பழைய பெட்டியிலிருந்து ஓர் அங்குலத் தடிப்புள்ள தெர்மாகோலைப் பட்டைகளாக நறுக்கினேன். முதல் முயற்சியில், சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷனைத் தடவினேன். பட்டை குழி குழியாக உருகிற்று! பெட்ரோலியக் கரைப்பான் உள்ள எந்தப் பசையும் இதற்கு ஆகாது என்பதை அப்படிக் கற்றேன். பின்னர் மரவேலைக்கான வெள்ளைப் பசையால் பழைய வேட்டித் துணியை ஒட்டிக் காய வைத்து, பட்டைகளை இரு பெஞ்சுகளுக்கு நடுவே பாலம் போல வைத்துப் புத்தகங்களை ஏற்றினேன். வெறும் பட்டை இரண்டாவது புத்தகத்திலேயே முறிந்தது. இருபுறமும் துணி ஒட்டிய பட்டை ஏழு புத்தகங்களைத் தாங்கியது. ஒரு புறம் மட்டும் துணி ஒட்டிய பட்டையில், துணி கீழே இருக்கும்படி வைத்தால் தாங்குகிறது. மேலே இருந்தால் அவ்வளவாகத் தாங்கவில்லை. நுரை, அமுக்கத்தை ஓரளவு பொறுக்கும், இழுப்பைப் பொறுக்காது. இழுபடும் முகத்துக்குத்தான் துணியின் துணை தேவைப்படுகிறது.

மெய்யான வண்டிக்கு, தண்ணீரில் இளகாத வகைப் பசை வேண்டும். கதவுக் கீல், சன்னல் சட்டம், அடிச்சட்டத்துடன் இணையும் விளிம்பு ஆகிய இடங்களில் நுரைக்குள் மரக்கட்டை பதிக்க வேண்டும். திருகாணி நுரையில் நிற்காது. வெயிலில் நுரை இளகாதிருக்க வெளிர் நிறப் பெயிண்டே நல்லது. சக்கரம், அச்சு, இரும்புச் சட்டம், விளக்கு ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் கூடாது. வீட்டில் கட்டிய வண்டி என்பதால் சாலை விதிகள் விலக்கு அளிப்பதில்லை.

இரண்டாம் பாடம்: முன்பாரம், பின்பாரம்

அளவு மீறினால் மயிலிறகும் அச்சை முறிக்கும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அளவு மீறாவிட்டாலும், பாரம் இருக்கும் இடம் தவறினால் ஆபத்துதான். இதை நம் ஊர் வண்டிக்காரர் நன்கறிவார். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். முன்பாரம் கூடினால் கழுத்துப் புண்ணாகும்.

டிரெய்லரிலும், மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை காரின் இணைப்புக் கொக்கியை அழுத்த வேண்டும் என்பது அமெரிக்கர் கைக்கொள்ளும் விதி. பின்பாரமான வண்டியை வேகமாக இழுக்கும்போது, பக்கத்தில் ஒரு லாரி கடந்த காற்றே போதும், அதன் பின்புறம் அசையத் தொடங்கும். ஒவ்வோர் அசைவும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

கணக்கைப் பார்ப்போம். வண்டி 300 கிலோ. கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர். கொக்கியில 12 விழுக்காடு, அதாவது 36 கிலோ அழுத்த வேண்டுமானால், திருப்புத்திறன் விதிப்படி ஈர்ப்பு மையம் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் இருக்க வேண்டும். இப்போது அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னாலுள்ள சமையல் பகுதியில் 20 லிட்டர் தண்ணீர்க் கேனை வையுங்கள். கொக்கியின் அழுத்தம் ஏறத்தாழ 26 கிலோவாகக் குறையும். மொத்த எடையோ 320 கிலோ. விழுக்காடு எட்டாகிவிட்டது! ஒரே ஒரு கேன் செய்த வேலை இது. எனவே புறப்படுமுன், எல்லாச் சாமான்களையும் ஏற்றியபின், கொக்கியின் கீழே ஓர் எடை இயந்திரத்தை வைத்துப் பார்ப்பது அறிவுடைமை.

மூன்றாம் பாடம்: மூச்சு

எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரமுள்ள பெட்டியில் ஏறத்தாழ 3,600 லிட்டர் காற்று இருக்கும். உறங்கும் இருவர் மணிக்கு ஏறத்தாழ 25 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுவர். காற்றுப் புகாமல் நன்றாக ஒட்டிய பெட்டியில், எட்டு மணி நேரத்தில் அது ஐந்து விழுக்காட்டைத் தாண்டும். வெளிக்காற்றில் இருப்பதோ 0.04 விழுக்காட்டளவே. ஆகவே தாழ்வாக ஒன்று, உயரத்தில் ஒன்று என இரு காற்றுத் துளைகள் எப்போதும் திறந்திருக்க வேண்டும். குளிருக்காக உள்ளே அடுப்போ கரி நெருப்போ மூட்டவே கூடாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைக் குடிக்கும். நுரையும் எளிதில் தீப்பற்றி நச்சுப் புகையைக் கக்கும். பழைய கண்ணீர்த்துளி வண்டிகளில் அடுப்பு வெளிப்புறத்தில் அமைந்ததன் அருமை இப்போது விளங்குகிறதல்லவா? இருபுறமும் கதவு இருப்பதும் நல்லது.

நண்பர்களே! மலிவான பொருளால் கட்டியதால் இந்த வண்டி யாரையும் கொல்வதில்லை. கேனை எங்கே வைப்பது, துளையை எங்கே இடுவது என்று எண்ணாதபோதுதான் கொல்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோகும் திருப்புத்திறன் விதியை நம்பி, இருவர் உள்ளே உறங்குகிறார்கள்.

ஏழு புத்தகங்களைத் தாங்கிய அந்தத் தெர்மாகோல் பட்டை நம் இயற்பியல் ஆய்வகத்தின் சன்னலோரத்தில் இருக்கிறது. ஐயமுள்ளவர்கள் எட்டாவது புத்தகத்துடன் வரலாம்.