பகலில் கண்ணசந்தால் குற்றமா?



போன மாதம் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குழுவில் கணக்கு பார்க்க உட்கார்ந்தோம். மதியம் 2 மணி. ஊக்குநர் ஒரே தவணையை இரண்டு பேர் பேரில் வரவு வைத்திருந்தார். ஆளாளுக்கு அவரைப் பிடித்துக்கொண்டார்கள். விசாரித்தால், அந்தம்மா விடியற்காலை 3 மணிக்கே எழுந்து பூப்பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பி, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறார். கொஞ்சம் படுத்துட்டு வந்திருக்கலாமே என்றோம். "பகல்ல படுத்தா வீட்டுல மூதேவி அடையும்னு மாமியா திட்டுவாங்க மேடம்" என்றார். பள்ளிகொண்ட பெருமாள் ஊரில் பெண்களுக்கு மட்டும் இப்படி ஒரு சட்டம்!

சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2021-இல் வெளியானது. கம்ப்யூட்டரில் விவரம் பதியும் வேலை. இரவு 8 மணி நேரம் படுத்தும் அவர்கள் தூங்கியது ஐந்தரை மணிதான். வெக்கை, கொசு, சத்தம். நம் வீட்டுக் கதையேதான். இரவில் அரை மணி கூடுதலாகத் தூங்க உதவியும் வேலையில் மாற்றமில்லை. ஆனால் மதியம் அமைதியான இடத்தில் அரை மணி வரை படுத்துத் தூங்க வாய்ப்புப் பெற்றவர்கள், அதே நேரம் சும்மா ஓய்வெடுத்தவர்களைவிட அதிக வேலை முடித்தார்கள். கவனமும் மனசும் தெளிந்திருந்தன. வேலை நேரம் குறைந்ததால், இடைவிடாமல் உழைத்தவர்களைவிடக் கூலி குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

விழித்திருக்கும்போது மூளையில் 'அடினோசின்' என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் கண்ணைச் சொக்க வைப்பது. தூங்கினால் குறையும். மதியம் வரும் அசதி சோற்றால் மட்டும் வருவதல்ல, உடம்பின் கடிகாரமே அப்போது சற்றுத் தொய்கிறது.

20 நிமிடம், மிஞ்சினால் அரை மணி போதும். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கம் பிடித்து, எழும்போது தலை கனக்கும். 3 மணிக்குள் எழுந்துவிட்டால் இரவுத் தூக்கம் கெடாது. செல்போனில் அலாரம் வையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளிடம் எழுப்பச் சொல்லுங்கள்.

நாள் முழுக்கத் தூக்கமாகவே இருந்தால் அது வேறு விஷயம். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எதுவாகவும் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

அந்தக் குழுவில் இப்போது கூட்டத்தை மாலை 4 மணிக்கு மாற்றித் தீர்மான நோட்டில் எழுதிவிட்டார்கள். கணக்கையும் அந்தம்மாவே எழுதுகிறார். மற்ற குழுக்களும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, உங்களுக்குத் தோதான நேரத்தைக் கூட்டமைப்புக்குத் தெரியப்படுத்துங்கள்.