மதிப்பீட்டு வரியும் நம் உரிமையும்: ஊராட்சி மன்றங்கள் வரி விதிக்கும் முறை

நம் நாட்டில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரி செலுத்துகின்றனர். மலாயில் 'சுக்காய் தக்சிரான்' எனப்படும் இவ்வரியைப் பேச்சு வழக்கில் 'சுக்காய் பிந்து' என்கிறோம். பிப்ரவரி இறுதிக்குள் ஒரு பாதி, ஆகஸ்டு இறுதிக்குள் மறு பாதி எனக் கட்டிவிட்டு இரசீதை அலமாரியில் வைத்துவிடுகிறோம். அத்தொகை எப்படி வந்தது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. நானும் மொழி பயிலும் மாணவன்தான். சட்டம் பயின்றவன் அல்லன். எனினும், சட்டத்தைத் தேடிப் படித்த பிறகு, இதை நம் குடும்பங்களுக்கு எளிய தமிழில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

நில வரி வேறு, மதிப்பீட்டு வரி வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'சுக்காய் தானா' எனப்படும் நில வரி மாநில அரசுக்கு உரியது. நில அலுவலகத்தில் செலுத்தப்படுவது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தின் பயன்பாட்டை விவசாயம், கட்டடம், தொழில் என மூன்று வகையாகப் பிரிக்கிறது. நிலப்பட்டாவில் எழுதப்பட்டிருப்பது இந்த வகைதான்.

மதிப்பீட்டு வரியோ மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் ஆகிய ஊராட்சி மன்றங்களுக்கு உரியது. தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) இதற்கு அடிப்படை. சபாவிலும் சரவாக்கிலும் தனிச் சட்டங்கள் உள்ளன. மன்றங்கள் பொதுவாகக் குடியிருப்பு, வாணிபம், தொழிற்சாலை, விவசாயம், காலி நிலம் எனச் சொத்துகளை வகைப்படுத்துகின்றன. ஆகவே பட்டாவில் உள்ள வகையும் வரிச் சீட்டில் உள்ள வகையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

வரியை உருவாக்கும் இரண்டு எண்கள்

என் வீட்டிற்கு வந்த வரிச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் 'நிலாய் தஹுனான்' (ஆண்டு மதிப்பு) என்று ஓர் எண், 'காடார்' (வரி விகிதம்) என்று ஓர் எண். இரண்டையும் பெருக்கினால் ஓராண்டு வரி. அதில் பாதி ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டியது.

ஆண்டு மதிப்பு என்பது அச்சொத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாகக் கிடைக்கக்கூடிய மொத்த வாடகை. நாம் உண்மையில் வாடகைக்கு விட்டிருக்கிறோமா இல்லையா என்பது கேள்வியன்று. வரி விகிதத்தை மன்றம் மாநில அரசின் ஒப்புதலோடு முடிவு செய்கிறது. சட்டம் உச்ச வரம்பை மட்டும் வகுத்துள்ளது: ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

ஆண்டு மதிப்புக்குப் பதிலாக மேம்பாட்டு மதிப்பு என்னும் வேறோர் அடிப்படையையும் சட்டம் அனுமதிக்கிறது. ஜொகூர் இதைப் பின்பற்றுகிறது. கட்டடத்தோடு சேர்த்துச் சொத்தைச் சந்தையில் விற்றால் கிடைக்கக்கூடிய விலையே மேம்பாட்டு மதிப்பு. இதற்கு உச்ச வரம்பு 5 விழுக்காடு. ஆகவே ஜொகூரில் இருக்கும் உறவினரின் விகிதம் மிகக் குறைவாகத் தெரிந்தால் வியப்படைய வேண்டாம். அங்கே பெருக்கப்படும் மதிப்பு பெரியது.

வகை மாறினால் என்ன மாறும்?

கோலாலம்பூர் மாநகர மன்றம் 2014இல் குடியிருப்புக்கான விகிதத்தை 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கும், வாணிபக் கட்டடங்களுக்கான விகிதத்தை 12இலிருந்து 10 விழுக்காட்டுக்கும் குறைத்தது. இவ்விகிதங்களை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 1,000 ரிங்கிட் வாடகை பெறக்கூடிய ஒரு வீடும், அதே வாடகை பெறக்கூடிய ஒரு கடையும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டின் ஆண்டு மதிப்பும் 12,000 ரிங்கிட். வீட்டுக்கு வரி 480 ரிங்கிட். கடைக்கு 1,200 ரிங்கிட். கடை வருமானம் ஈட்டுகிறது; அதன் வரியை வாணிபச் செலவாக வருமான வரியில் கழித்துக்கொள்ளவும் முடியும். குடியிருக்கும் வீட்டுக்கு அந்த வசதி இல்லை. வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு நியாயம்.

காலி நிலத்தில் விகிதம் மட்டுமல்ல, அளக்கும் கோலே மாறிவிடுகிறது. கட்டடம் எழும்பாத நிலம், கட்டி முடிக்கப்படாத கட்டடம், சிதைந்து குடியிருக்கத் தகாத கட்டடம் ஆகியவற்றுக்கு, சந்தை விலையில் 10 விழுக்காட்டையே ஆண்டு மதிப்பாகக் கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. மாநில அரசு அதை 5 விழுக்காடு வரை குறைக்கலாம். 200,000 ரிங்கிட் விலையுள்ள காலி மனையின் ஆண்டு மதிப்பு இதன்படி 20,000 ரிங்கிட். மேலே சொன்ன வீட்டின் ஆண்டு மதிப்பைவிட இது அதிகம்! குப்பையே இல்லாத மனைக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கத் தோன்றும். நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறக் காத்திருப்பதை ஊக்குவிக்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் வீடு கட்டப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவரையும், பாட்டன் விட்டுச் சென்ற வீடு இடிந்து கிடப்பவரையும் இதே விதி பிடிக்கிறது. தோட்டப்புறங்கள் தாமான்களாக மாறும் இடங்களில், சுற்றிலும் வீடுகள் எழும்ப எழும்ப, நடுவில் இருக்கும் மனையின் சந்தை விலையும் உயர்கிறது. உரிமையாளர் ஒரு செங்கல்லும் வைக்காமலேயே அவருடைய ஆண்டு மதிப்பு ஏறக்கூடும்.

விகிதம் குறைந்தும் வரி ஏறுவது எப்படி?

ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்கிறது சட்டம். மாநில அரசு இக்காலத்தை நீட்டிக்கலாம். நடைமுறையில் நீட்டிப்பே மிகுதி. கோலாலம்பூரில் 1992க்குப் பின் 2014இல்தான் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. 2013 இறுதியில் புதிய மதிப்பைக் கண்ட குடியிருப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். அதன் பிறகே விகிதம் குறைக்கப்பட்டது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 6,000 ரிங்கிட் ஆண்டு மதிப்புள்ள வீட்டுக்கு 6 விழுக்காட்டில் வரி 360 ரிங்கிட். மதிப்பு 15,000 ஆக உயர்ந்தால், 4 விழுக்காட்டிலும் வரி 600 ரிங்கிட். விகிதம் குறைந்தது என்ற செய்தியை மட்டும் படித்தவர் வரி குறையும் என்றே எண்ணியிருப்பார்.

ஆட்சேபம்: எதற்கு உண்டு, எதற்கு இல்லை?

இக்கட்டுரையில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி இது. புதிய பட்டியல் தயாரானதும் மன்றம் அறிவிப்பு அனுப்பும். பரிசீலனை நாளுக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். சட்டத்தின் 142ஆம் பிரிவு அதற்கான காரணங்களை வரையறுத்துள்ளது: சொத்து அளவுக்கு மேல் மதிப்பிடப்பட்டுள்ளது, குறைவாக மதிப்பிடப்பட்டுள்ளது, வரிக்கு உட்படாத சொத்து பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது, சேர்க்க வேண்டியது விடுபட்டுள்ளது, சேர்த்தோ தனித்தனியாகவோ தவறாக மதிப்பிடப்பட்டுள்ளது.

இக்காரணங்களில் 'விகிதம் அதிகம்' என்பது இல்லை. 'என்னால் கட்ட இயலாது' என்பதும் இல்லை. அவ்வாறு எழுதப்படும் கடிதம் உருக்கமாக இருக்கலாம். ஆனால் சட்டப்படி எடுபடாது. "இதே வரிசையில் இதே அளவுள்ள வீடுகள் இவ்வளவு வாடகைக்குத்தான் போகின்றன" என்று சான்றோடு எழுதப்படும் கடிதமே பயன் தரும். மன்றத்தின் முடிவில் மனநிறைவு இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் முதலில் ஆட்சேபம் செய்தவருக்கே அந்த வழி திறந்திருக்கிறது.

விகிதத்தைப் பற்றிய குறையை மன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும்தான் கொண்டு செல்ல வேண்டும். இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியை நாம் அறிந்திருக்க வேண்டும். 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டே நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1968இல் நிறைவுற்ற அதன் அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வரி விகிதத்தை முன்மொழியும் மன்றத்தை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. எனவே மதிப்பின் மீது ஆட்சேபம் செய்யும் உரிமையை நாம் வீணாக்கக் கூடாது.

கோயிலும் பள்ளியும்

சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி, பொது வழிபாட்டுத் தலம், இடுகாடு, பள்ளி, அறப்பணிக்கோ இலக்கியம், கலை, அறிவியல் வளர்ச்சிக்கோ பயன்படும் பொது இடம் ஆகியவற்றுக்கு மாநில அரசு வரிவிலக்கு அளிக்கலாம். 'அளிக்கலாம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். விலக்கு தானாக வருவதன்று. அவ்விடம் இலாப நோக்கமின்றி அப்பணிக்கு மட்டுமே பயன்பட வேண்டும். கோயில் வளாகத்தில் கடைகளை வாடகைக்கு விட்டிருந்தால் அப்பகுதிக்கு விலக்கு கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆலய நிர்வாகங்களும் தமிழ் அமைப்புகளும் தங்கள் நிலையைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

நிறைவாக

மன்றத்தின் அறிவிப்பு மலாயில், சிறிய எழுத்தில் வருகிறது. நம் தாத்தா பாட்டிமார் பலர் அதைக் கட்டணச் சீட்டு என்றே எண்ணி ஓரமாக வைத்துவிடுவர். 14 நாள் கணக்கும் அதனுள்ளேயே முடிந்துவிடும். பல்கலைக்கழகம் வரை வந்த நாம் செய்யக்கூடியது எளிது. வீட்டிற்கு வரும் சீட்டில் சொத்தின் வகை சரியா, ஆண்டு மதிப்பு அக்கம்பக்க வாடகைக்கு ஏற்றதா, ஆட்சேப நாள் எது என்னும் மூன்றையும் படித்துச் சொல்வோம். பத்து நிமிட வேலைதான். கட்ட வேண்டிய வரியைக் கட்டுவது கடமை. அது சரியாக மதிப்பிடப்பட்டதா என்று பார்ப்பது உரிமை. கடமையை நம் பெற்றோர் தவறாமல் செய்து வந்திருக்கின்றனர். உரிமையை நாம் செய்வோம்.