கேட்காத சரக்குக்கு பில் வந்தால்

அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் நாட்களில் உழவர் வீட்டு வாசலுக்குப் பலவிதமான பில்கள் வருவதுண்டு. கேட்காத பயிர் ஊக்கிப் பார்சல், சேராத சங்கத்தின் சந்தா, வாங்காத மருந்துக்குக் கடைக்காரர் எழுதிய பாக்கி என்று இவை பல வகை. தொகை சிறிதுதானே என்று கட்டிவிடுவோரும் உளர். அவ்வாறு அவசரப்பட வேண்டியதில்லை.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் விற்க முன்வந்து மற்றவர் இசைந்தால்தான் ஒப்பந்தம். "பத்து நாளில் மறுப்பு வராவிட்டால் சம்மதமாகக் கொள்வோம்" என்று அச்சடித்து அனுப்பினாலும், வெறுமனே பேசாதிருப்பது சம்மதம் ஆகிவிடாது.

ஆனால் இதே சட்டத்தின் 70-ஆவது பிரிவை உழவர்கள் கவனிக்க வேண்டும். இலவசமாக அல்லாமல் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பொருளின் பயனை நாம் அனுபவித்துவிட்டால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். அல்லது பொருளைத் திருப்பித் தர வேண்டும். வியாபாரி ஒருவர் தவறுதலாக ஒரு வீட்டில் சரக்கை வைத்துவிட்டுப் போக, வீட்டுக்காரர் அதைத் தமதாக்கிக்கொண்டால் பணம் தர வேண்டும் என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. ஆகவே, வந்த டப்பாவைத் திறந்து 'அரை ஏக்கருக்கு அடித்துப் பார்ப்போம்' என்று இறங்கக் கூடாது. பார்சலைப் பிரிக்காமல் மழை படாத இடத்தில் வைத்து, "இதை நான் கேட்கவில்லை, உங்கள் செலவில் எடுத்துச் செல்லவும்" என்று கடிதம் அனுப்பி, அதன் நகலையும் தபால் ரசீதையும் பத்திரப்படுத்துதல் நல்லது. பணம் கட்டி எடுக்கும் பார்சலானால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். அதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும். பிள்ளைகள் செல்பேசியில் கேட்டு வாங்கியதாகவும் இருக்கலாம்!

உரக்கடையில் வேறு விதம். யூரியா கேட்டால், நுண்ணூட்டப் பாக்கெட்டையும் எடுத்தால்தான் உண்டு என்பார்கள். ஒன்றை விற்க மற்றொன்றை வாங்கச் சொல்வது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான வணிக முறை. 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரர் பில் தந்தாக வேண்டும். பில்லில் கேட்காத சரக்கு ஏறியிருந்தால், அதனுடன் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

பயிர்க் காப்பீட்டில் மட்டும் மௌனம் நமக்கு எதிராகும். 2020 காரீப் பருவம் முதல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் கடன் பெற்றோருக்கும் விருப்பத்தின் பேரில்தான். எனினும் வேண்டாதவர், பதிவுக்கான கடைசி நாளுக்கு 7 நாட்கள் முன்பே வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். தராவிட்டால் பிரீமியம் கணக்கில் பிடிக்கப்படும்.

ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் அப்படியல்ல; நம் ஒப்புதல் கட்டாயம். திட்டங்கள் நல்லவையே, கேட்காமல் பிடிப்பதுதான் தவறு. ஜூன் மாதத்தில் பாஸ்புத்தகத்தைப் பதிந்து பார்க்கவும். பிடித்திருந்தால், ஒப்புதல் படிவத்தின் நகலை மேலாளரிடம் எழுத்தில் கேட்கவும். 30 நாட்களில் பதில் இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

மற்ற பில்களுக்கு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் தாமே வாதாடவும் இடமுண்டு.