நிறைகோல் போன்ற ஆசிரியர்

மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் (1178–1218), சிற்றரசன் சீயகங்கன் வேண்ட, பவணந்தி மாமுனிவர் அருளியது நன்னூல். அதன் பொதுப்பாயிரம் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை கூறுகிறது. நிறைகோல் என்பது தராசு. எடையில் எழும் ஐயத்தைத் தீர்ப்பதும், எப்பக்கமும் சாயாது நடுநிற்பதும் அதன் இயல்பு.

மாணாக்கரையும் முனிவர் மூவகையாகத் தரம் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். (ஓட்டைக்குடம், எருமை முதலிய கடைமாணாக்கரை ஈண்டு விரிக்க வேண்டா, நம் வீட்டுப் பிள்ளைகளும் இதனைப் படிக்கக்கூடும்!) வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடுவது பசு. கற்பித்ததை அன்றி வேறொன்றும் சொல்லாதது கிளி. ஆயினும் நம் பள்ளிகளில் பரிசு பெறுவது பெரும்பாலும் கிளியே.

நாமக்கல் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியில் எமக்கு நன்னூல் கற்பித்த தமிழாசிரியர் இதனை நன்கு அறிந்தவர். ஆண்டுவிழா ஒப்புவித்தல் போட்டியில் வகுப்புத் தோழன் ஒருவன் நூற்பாக்களைப் பிழையின்றி ஒப்புவித்தான். யாம் ஈரிடத்தில் தடுமாறினோம். ஆயினும் பொருளையும் சேர்த்து விளக்கினோம். பரிசு எமக்கே என்றிருந்தோம். ஆசிரியர் தோழனுக்கே அளித்தார். "ஒப்புவித்தலுக்கென்றே அறிவித்தேன். போட்டி முடிந்தபின் விதியை மாற்றுவது, நிறுக்கும்போது எடைக்கல்லை மாற்றுவது போன்றது" என்றார்.

அன்று பொழுது சாயுமுன் உண்ண அன்னையார் அழைத்தும் யாம் செல்லவில்லை. பொழுது சாய்ந்தபின் பசித்தது, பயன் என்ன?

மறு ஆண்டு, பொருள் உரைத்தலுக்கே பரிசு என்று முன்கூட்டியே அறிவித்தார். அவ்வாண்டும் அத்தோழனே வென்றான். ஓராண்டு முழுதும் அசைபோட்டிருந்தான் போலும்.