குருதிச் சோதனைத் தாளைப் படிக்கும் முறை

எழுத்தறிந்தோரும் படித்துப் பொருள் காணவியலாத தாளொன்று இன்று பெரும்பாலான இல்லங்களில் உண்டு. அலுமாரியில் உடுப்புகளின் கீழே, பழைய பற்றுச்சீட்டுகளோடு மடிந்து கிடக்கும் குருதிச் சோதனை அறிக்கையே அது. அதில் எழுத்துக் குறைவு, எண் மிகுதி. எண்ணுக்கெதிரே ஒரு நட்சத்திரக் குறியோ, உயர்வு தாழ்வைக் குறிக்கும் ஆங்கில எழுத்தோ காணப்படின் உள்ளம் நடுங்குகின்றது. காணப்படாவிடின் கவலையற்று உறங்குகின்றோம். நடுக்கமும் உறக்கமும் ஆகிய இரண்டுமே தவறாதல் கூடும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியருக்கு வைத்திய விடயத்தில் யாது உரிமை என வினவுவார் இருப்பர். வினா தக்கதே. யாம் வைத்தியர் அல்லேம்; மருந்து கூறவும் முற்படவில்லை. ஆயினும் படிக்கக் கற்பித்தல் எமது தொழில். படிக்கத் தெரியாமையால் எமது இல்லத்தில் நேர்ந்த துன்பமொன்று எம்மை இதனை எழுதத் தூண்டிற்று. இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் இத்தாளைத் தமக்காகப் பெறும் வயதினர்; ஏனையோர் பெற்றோருக்காகப் பெற்றுவரும் கடமையினர்.

சொல்லும் வாக்கியமும்

'மா' என்னும் சொல்லுக்குப் பொருள் யாது என்று வகுப்பில் வினவினால், நன்கு பயின்ற மாணாக்கன் உடனே விடை கூறான், வாக்கியத்தைக் கேட்பான். 'மா பூத்தது' என்னுமிடத்து அது மரம். 'மா குழைத்தாள்' என்னுமிடத்து அரைத்த அரிசி. 'மா மேய்ந்தது' என்னுமிடத்து விலங்கு. அயலிலுள்ள சொல்லே பொருளை வரையறுக்கின்றது. குருதித் தாளிலுள்ள எண்களும் இத்தன்மையனவே. ஓர் எண் தனித்து நின்று நோயைக் கூறாது. அயலெண்ணோடும், உரியவரின் வயதோடும், உடல் நிலையோடும் சேர்ந்தே கூறும்.

தாளின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் 'இயல்பு எல்லை' என்பதையும் முதலில் அறிதல் வேண்டும். நலமுள்ளோர் பலரை அளந்து, அவருள் 100 பேரில் 95 பேர் அடங்கும் அளவையே பெரும்பாலும் எல்லையாகக் கொள்வர். ஆகவே நலமுள்ளோரிலும் 100 பேரில் ஐவர் அவ்வெல்லைக்குப் புறத்தே நிற்பர். இருபது எண் கொண்ட தாளில் ஒன்று சற்று விலகி நிற்றல் வியப்பன்று. எல்லைக்குள் நிற்பதும் நலத்துக்கு முழு உறுதியன்று.

ஈமோகுளோபின்

குருதிக்குச் செந்நிறம் தருவதும், நுரையீரலிலிருந்து ஒட்சிசனை ஏந்தி உடலெங்கும் சேர்ப்பதும் ஈமோகுளோபின் என்னும் புரதமாகும். இதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பணுக்கள் உள்ளன. இதன் அமைப்பை ஆராய்ந்து கண்ட மக்ஸ் பெரூற்சு 1962ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபெல் பரிசை ஜோன் கென்ட்றூவுடன் பகிர்ந்து பெற்றார். ஈமோகுளோபினைச் சுமக்கும் செங்குழியம் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து அழியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, 100 மில்லிலீற்றர் குருதியில் வளர்ந்த ஆணுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும் குறைந்த ஈமோகுளோபின் குருதிச்சோகை எனப்படும். கருவுற்றாருக்கு எல்லை 11 கிராம். கருக்காலத்தின் நடுமூன்று மாதங்களில் 10.5 கிராம். எனவே 11.5 என்னும் ஒரே எண் கர்ப்பிணிக்கு நலமும், அவள் கணவனுக்குச் சோகையுமாகும்.

இங்கே ஒன்றை நன்கு மனங்கொள்ளல் வேண்டும். குருதிச்சோகை நோயின் பெயரன்று, நோயின் அடையாளம். 'காய்ச்சல்' என்றவுடன் காரணத்தைத் தேடுகின்றோம். 'சோகை' என்றவுடன் மாத்திரையைத் தேடுகின்றோம். பிழை இங்கேதான் தொடங்குகின்றது.

குழியத்தின் பருமன்

ஈமோகுளோபினுக்கு அடுத்து நோக்கத்தக்கது எம்.சீ.வீ. எனக் குறிக்கப்படும் எண். அது செங்குழியமொன்றின் சராசரிப் பருமனைக் கூறும். வளர்ந்தோரில் 80 முதல் 100 பெம்டோலீற்றர் வரை இயல்பாகும்.

குழியம் சிறுத்திருப்பின் முதலில் ஐயுறத்தக்கது இரும்புக் குறைவு. ஆனால் பரம்பரை வழிவரும் தலசீமியாக் கூறுடையாரிலும் குழியம் சிறுத்தேயிருக்கும். இரும்புக் குறைவில் குழியங்களின் தொகை பெரும்பாலும் குறையும். தலசீமியாக் கூறுடையாரில் தொகை குறையாது, சில வேளை மிகும். இவருக்கு இரும்புக் குறைவு இல்லையாயின் இரும்பு மாத்திரையால் இக்குறை தீராது. மணம் பேசுவோர் இருவரும் இக்கூறுடையராயின் பிள்ளைகளுக்குக் கடுந்தலசீமியா வரக்கூடுமாதலின், பொருத்தம் பார்க்குமுன் இச்சோதனையைப் பார்த்தல் நன்று.

குழியம் பருத்திருப்பின் போலிக்கமிலம் அல்லது விற்றமின் பீ12 குறைந்திருக்கலாம். மதுப்பழக்கம், ஈரல் நோய், தைரொயிட்டுக் குறைவு என்பனவும் காரணமாகும். ஆங்கில வைத்தியரான லூசி வில்ஸ் அம்மையார் பம்பாயில் நெசவாலைத் தொழில் செய்த கர்ப்பிணிப் பெண்களிடையே இத்தகைய சோகையை ஆராய்ந்து, நொதியச் சாறாகிய மாமைற் அதனைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அதில் அடங்கியிருந்த பொருளே பின்னர் போலிக்கமிலம் என அறியப்பட்டது. இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று அப்பெயர் பிறந்தது. கீரையுண்பார்க்கு அது கிடைக்கும். ஆனால் பீ12 தாவர உணவில் இயல்பாக இல்லை. பால், தயிர் முதலியவற்றையும் போதியளவு கொள்ளாத சைவ உணவினர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இக்குறை நீடிப்பின் கைகால் விறைப்பும் மறதியும் தோன்றுதல் கூடும்.

இரும்பும் பீ12உம் ஒருங்கே குறையின், சிறுத்தவையும் பருத்தவையும் கலந்து சராசரி இயல்பாகத் தோன்றும். இரு பிழைகள் சேர்ந்து சரியான விடைபோலக் காட்டும் கணக்கைப் போன்றது அது.

இரும்பின் இருப்பு

உடலிலுள்ள இரும்பின் சேமிப்பை அறியப் பெரிற்றின் என்னும் அளவு உதவும். நலமுள்ள வளர்ந்தோரில் லீற்றருக்கு 15 மைக்கிரோகிராமுக்குக் குறையின் சேமிப்பு வற்றியதென்பர். ஆயின் தொற்றோ அழற்சியோ உள்ளபோது பெரிற்றின் தானே உயரும். அந்நிலையில் 70க்குக் குறைவானதையும் குறைவெனக் கொள்ளலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறும். காய்ச்சலோடு எடுத்த சோதனையில் 40 என்றிருப்பது செல்வமன்று. வறியவன் கடன்பட்டு உடுத்த பட்டாடை.

இரும்பு குறைதற்கு உணவுக் குறைவு ஒரு காரணம். மாதவிடாய் மிகுதி, கொழுக்கிப் புழு, குடலிலிருந்து புலப்படாது கசியும் குருதி என்பன ஏனையவை. ஆடவரிலும், மாதவிடாய் நின்ற பெண்டிரிலும் இரும்பு குறையின் குடலிற் குருதி கசிகின்றதா என ஆராய்தல் இன்றியமையாதது. புண்ணோ, சில வேளை புற்றுநோயோ அங்கே மறைந்திருக்கும்.

எமது இல்லத்தில் நிகழ்ந்தது

எழுபது கடந்த எமது அன்னையார் முழங்கால் நோவுக்காக நெடுங்காலம் நோமாத்திரை உண்டு வந்தார். களைப்பு மிகுந்தது கண்டு குருதியைச் சோதிப்பித்தோம். ஈமோகுளோபின் 9.4 என வந்தது, எம்.சீ.வீ. 68. முதலெண்ணை மட்டும் படித்தோம். 'வயதானவர், உணவு போதாது' என்று யாமே தீர்ப்பளித்து, மருந்துக் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், முருங்கையிலை வறையும் நாள்தோறும் ஆயிற்று.

மலம் கருத்திருப்பதாக அன்னையார் கூறினார். இரும்பு மாத்திரை உண்போருக்கு அவ்வாறாதல் இயல்பென்று எங்கோ படித்திருந்தோம். அதனையே அவருக்கும் கூறினோம். படித்தது உண்மையே. இரைப்பையிற் குருதி கசியினும் மலம் கருக்கும் என்ற மற்றை உண்மையை யாம் அறிந்திலேம். ஆறு வாரத்தின் பின் எண் 9.8. ஏறியதே என மகிழ்ந்தோம். காரணம் நீங்கி, மாத்திரையும் ஏற்கப்பட்டிருப்பின் மூன்று நான்கு வாரங்களில் ஏறக்குறைய 2 கிராம் ஏறியிருத்தல் வேண்டும் என்பதைப் பின்னரே கற்றோம்.

நான்காம் மாதத்தில் ஒருநாள் காலை, கிணற்றடியிலிருந்து திரும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்துவிட்டார். வைத்தியசாலையில் ஈமோகுளோபின் 7.1; பெரிற்றின் 8. வைத்தியர் யாம் கொண்டுசென்ற பழைய தாளை வாங்கி, எம்.சீ.வீ. என்னும் வரியில் விரலை வைத்து, "இதை அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லையா, மாஸ்ரர்?" என்றார். யாம் விடை கூறவில்லை. இரைப்பையினுள்ளே குழாய் செலுத்திப் பார்த்தபோது நோமாத்திரையால் உண்டான புண்ணொன்று குருதி கசிந்துகொண்டிருந்தது.

சோகையும் இருதயமும்

குருதியின் குறை நெஞ்சில் ஏன் நோவாக வெளிப்பட்டது? ஒட்சிசன் சுமக்கும் ஆள் குறைந்தபோது, இருப்பவரை விரைவாக ஓட்டுதலே இருதயம் செய்யக்கூடியது. அது விரைந்தும் வலிந்தும் துடிக்கும். இருதயத்துக்குக் குருதி கொடுக்கும் நாடிகள் முன்னரே ஒடுங்கியிருப்பின், மிகுந்த உழைப்புக்கேற்ற ஒட்சிசன் அதற்கே கிட்டாது, நெஞ்சு நோகும். ஆகவே சோகைத் தாளையும் இருதயத் தாளையும் வெவ்வேறு கோவைகளில் வைத்து நோக்குதல் பிழை.

அன்று வைத்தியசாலையில் அளந்தது துரோபோனின். இருதயத் தசை ஊறுபட்டால் குருதியிற் கலக்கும் புரதம் அது. ஊறு நேர்ந்தவுடன் முழுமையாக உயராதாதலின் சில மணி நேரம் கழித்து மறுபடியும் அளப்பர். நாடி அடைபடுவதால் மட்டுமன்றி, கடுஞ்சோகையாலும் சிறுநீரக நோயாலும் அது உயரும். மின்வரைபோடு சேர்த்தே பொருள் கொள்வர். அன்னையாருக்கு இரண்டாம் முறை சற்று உயர்ந்திருந்தது. குருதிப் பற்றாமையால் தசையிற் சிறு பகுதி ஊறுபட்டதென்றனர்.

கொலஸ்திரோல் அளவோ வேறு வகையது. அது இன்றைய நெஞ்சு நோவுக்குக் காரணம் கூறாது. வருங்காலத்து அபாயத்தை மதிக்க உதவும். அமெரிக்காவின் பிறேமிங்காம் நகரில் 1948இல் தொடங்கிய நெடுங்கால ஆராய்ச்சி, கொலஸ்திரோல், குருதியமுக்கம், புகைத்தல் என்பன இருதய நோயோடு கொண்ட தொடர்பைத் தெளிவாக்கிற்று. தாளில் மொத்தக் கொலஸ்திரோல், எச்.டீ.எல்., திரைகிளிசரைட்டு, எல்.டீ.எல். என நான்கு எண் காணப்படும். முதல் மூன்றையும் அளந்து நான்காவதைக் கணித்தலே பல ஆய்வுகூடங்களின் வழக்கம். மொத்தத்திலிருந்து எச்.டீ.எல்.ஐயும், திரைகிளிசரைட்டின் ஐந்திலொன்றையும் கழித்தல் வேண்டும்.

இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மொத்தம் 212 மில்லிகிராம். ஒருவருக்கு எச்.டீ.எல். 38, திரைகிளிசரைட்டு 170, ஆகவே எல்.டீ.எல். 140. மற்றவருக்கு எச்.டீ.எல். 67, திரைகிளிசரைட்டு 100, எல்.டீ.எல். 125. மொத்தம் ஒன்றாயினும் முன்னவர் நிலை தாழ்ந்தது. திரைகிளிசரைட்டு 400ஐக் கடப்பின் இக்கணக்குப் பொருந்தாது. சில தாள்கள் மில்லிகிராமை விடுத்து மில்லிமோல் என்னும் அலகில் எண் தரும்; அவற்றில் இதே 212 என்பது 5.5 ஆகும். அலகை நோக்காது, குறைந்துவிட்டதென மகிழ்ந்தாரை யாம் அறிவோம்.

எல்.டீ.எல். எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பதற்கு யாவர்க்கும் பொருந்தும் ஒரே விடையில்லை. முன்னரே மாரடைப்புக் கண்டவருக்கு 70க்கும், சிலருக்கு 55க்கும் கீழே கொணர வைத்தியர் முயல்வர். நீரிழிவு, புகைத்தல், குருதியமுக்கம் ஆகிய அயற்சொற்களே இவ்வெண்ணின் பொருளை வரையறுக்கின்றன. நீரிழிவுக்கு அளக்கும் எச்.பீ.ஏ.1.சீ. என்னும் எண்ணும் ஈமோகுளோபினைப் பற்றியதாதலின் சோகையுள்ளவரிற் பிழைபடும். இரும்புக் குறைவில் அது பொய்யாக உயரலாம்; செங்குழியங்கள் விரைந்து அழியும் சோகையிற் பொய்யாகத் தாழலாம்.

நாம் செய்யத்தக்கன

பழைய தாள்களைத் திகதி வரிசையில் ஒரு கோவையில் வைத்திருங்கள். ஓர் எண்ணைவிட எண்ணின் நடை மிகுதியாகப் பேசும். உண்ணும் மாத்திரை யாவற்றையும், கடையில் வாங்கிய நோமாத்திரை உட்பட, வைத்தியரிடம் கூறுங்கள். சோகை என்றால் 'எதனால்?' என்று கேளுங்கள். இரும்பு மாத்திரை தரப்பட்டால் உணவோடு தேநீர் அருந்தாதீர்கள். தேநீர் இரும்பு உட்செல்வதைக் குறைக்கும், தேசிப்புளியும் நெல்லியும் கூட்டும். எண் ஏறியவுடன் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சேமிப்பு நிரம்ப மேலும் ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். நெஞ்சு நோவோ மூச்சு முட்டலோ வந்தால் பழைய தாளைப் புரட்டிக்கொண்டிராது, உடனே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து இலவச நோயாளர் வண்டியில் வைத்தியசாலை செல்லுங்கள்.

அன்னையார் இன்று நலமாக உள்ளார். புண் ஆறிற்று, ஈமோகுளோபின் 12.3 ஆயிற்று. ஆயினும் முன்னர் ஒரே நடையாய்க் கோயில் வீதி வலம் வந்தவர், இப்போது தெற்கு வீதியில் ஒருமுறையும் வடக்கு வீதியில் ஒருமுறையும் அமர்ந்தெழுந்தே வருகின்றார். யாமும் உடன் அமர்கின்றோம். அந்நான்கு மாதங்களை அவர் ஒருபோதும் எமக்குக் குறையாகச் சொன்னதில்லை.