இரவுப் பசியும் எடைக் குறைப்பும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இரவு உணவு முடிந்து, படுக்கப் போகும் நேரத்திலோ நள்ளிரவிலோ மீண்டும் எழும் பசி, எடை குறைக்க முயலும் பலரின் திட்டத்தைக் குலைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் எடை குறைக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடிவருகிறது. 2015–16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் மாநிலப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் கூடுதல் எடை கொண்டிருந்தனர்; 2019–21ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 40.4 விழுக்காடு ஆனது. ஆண்களில் 28.2 விழுக்காடு 37 ஆக உயர்ந்தது.

எடைக் குறைப்புக்கு உகந்தவை என்று நகரத்துக் கடைகளில் விற்கப்படும் சாமையும் மலைத்தேனும் ஜவ்வாது மலையின் அடையாளப் பொருள்கள். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிய இந்த மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாகச் சாமை பயிரிட்டு வருகிறார்கள். இதே மலையில் உள்ள காவலூரில், இரவெல்லாம் விழித்திருந்து வேலை பார்க்கும் வானியல் ஆய்வகமும் இருக்கிறது. இரவுப் பசியைப் பற்றிய நம்பிக்கைகள் பலவற்றை இந்த மலையின் உணவையும் உழைப்பையும் வைத்தே சரிபார்த்துவிடலாம்.

நம்பிக்கை 1: இரவு 7 மணிக்குப் பிறகு சாப்பிடுவதெல்லாம் கொழுப்பாகிவிடும்.

உண்மை: உடல் செலவிடுவதைவிட அதிக ஆற்றல் நாள்கணக்கில் சேர்ந்தால்தான் எடை கூடும். தூங்கும்போதும் மூளை, இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆகவே 7 மணி என்பது எல்லாருக்கும் பொதுவான எல்லைக்கோடு ஆகாது.

அதற்காக நேரத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் எடை கொண்ட 16 பேருக்கு ஒரே அளவு உணவு ஒரு முறை முன்னதாகவும் மறுமுறை நான்கு மணி நேரம் தள்ளியும் தரப்பட்டது. தள்ளிச் சாப்பிட்டபோது பசி கூடியது. நிறைவுணர்வைத் தரும் லெப்டின் என்னும் ஹார்மோன் குறைந்தது. உடல் செலவிடும் ஆற்றலும் சற்றுக் குறைந்தது.

தூங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே பொருத்தமானது. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இரவு உணவை முடித்தால் நெஞ்செரிச்சலும் குறையும். இரவு 9 மணிக்குப் படுப்பவருக்கு 6.30 மணிச் சாப்பாடு சரி. அதே 6.30 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நள்ளிரவு 1 மணி வரை கைப்பேசி பார்ப்பவருக்கு நடுவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுகிறது. அவருக்குப் பசிக்காவிட்டால்தான் வியப்பு.

நம்பிக்கை 2: இரவில் பசிப்பது மனக்கட்டுப்பாடு இல்லாததன் அடையாளம்.

உண்மை: மாலையில் பசி கூடுவது உடலின் உள்கடிகாரத்தின் வேலை. வெளிச்சமும் உணவும் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் 12 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. சாப்பிட்ட நேரம் எதுவானாலும், உள்கடிகாரத்தின்படி பசி காலை 8 மணியளவில் மிகக் குறைவாகவும் இரவு 8 மணியளவில் மிக அதிகமாகவும் இருந்தது.

எடை குறையக் குறையப் பசி கூடுவதும் இயற்கையே. ஆஸ்திரேலியாவில் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் எடை குறைத்தவர்களிடம், ஓராண்டு கழித்தும் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடுதலாகவே இருந்தது. இது 2011இல் வெளியான முடிவு. உடலில் இருந்து போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 100 கலோரி அளவுக்கு உண்ணும் வேட்கை கூடுகிறது என்று 2016இல் வெளியான மற்றொரு ஆய்வு கணக்கிட்டது.

தூக்கக் குறைவும் இதில் சேர்ந்துகொள்ளும். சிகாகோவில் இளைஞர்கள் 12 பேரை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டபோது, லெப்டின் 18 விழுக்காடு குறைந்து கிரெலின் 28 விழுக்காடு கூடியது. மாறாக, ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவந்த, கூடுதல் எடை கொண்ட 80 பேர் பங்கேற்ற ஆய்வு 2022இல் வெளியானது. அவர்களில் தூக்கத்தை ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் கூட்டிக்கொண்டவர்கள், உணவுக் கட்டுப்பாடு எதுவும் சொல்லப்படாத நிலையிலும், மற்றவர்களைவிட நாளுக்கு 270 கலோரி குறைவாக உட்கொண்டார்கள்.

நம்பிக்கை 3: இரவுச் சாப்பாட்டை அடியோடு விட்டுவிட்டால் எடை சீக்கிரம் குறையும்.

உண்மை: முதல் சில நாள் எடை இறங்குவது போலத் தெரியும், அதில் பெரும்பகுதி நீர். அதன் பிறகு 8 மணிக்கு விட்ட சாப்பாடு 11 மணிக்கு மிக்சராகவும் பிஸ்கட்டாகவும் திரும்பி வரும். 50 கிராம் மிக்சரில் ஏறத்தாழ 270 கலோரி இருக்கிறது. ஒரு கைப்பிடிச் சோறும் பருப்பும் காயும் சேர்ந்தாலும் அவ்வளவுதான். ஆனால் அவை வயிற்றை நிறைக்கும்.

இரவுப் பசியின் வேர் பெரும்பாலும் பகலில் இருக்கிறது. காலையில் வெறும் காபி, மதியம் அரை வயிறு என்று ஓட்டியவருக்கு அந்தக் கடன் இரவில்தான் கணக்குக்கு வரும். நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைத்து, வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் எடையை இறக்கும் திட்டத்தில் பசி தாங்கும்படி இருக்கும். காலையிலும் மதியத்திலும் பருப்பு, பயறு, முட்டை, மீன், மோர், கீரை ஆகியவற்றுக்குப் போதிய இடம் தருவதே இரவுப் பசிக்கு முதல் மருந்து. நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் இரவு உணவைத் தவிர்த்தால் தூக்கத்தில் சர்க்கரை அளவு ஆபத்தாகத் தாழ்ந்துவிடக்கூடும்.

நம்பிக்கை 4: சாமைச் சோறு எவ்வளவு சாப்பிட்டாலும் எடை கூடாது, அரிசிதான் எதிரி.

உண்மை: தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஐதராபாத்திலிருந்து 2017இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணைப்படி, சமைக்காத 100 கிராம் வெள்ளை அரிசியில் ஏறத்தாழ 356 கலோரி, சாமையில் 346, கேழ்வரகிலும் கோதுமை மாவிலும் 320 அளவு. இரவில் சோற்றை விட்டுவிட்டு நான்கு சப்பாத்தியை எண்ணெய் தடவிச் சாப்பிடுபவருக்கு ஆற்றல் கணக்கில் லாபம் ஏதும் இல்லை.

வேறுபாடு நார்ச்சத்திலும் புரதத்திலும் இருக்கிறது. வெள்ளை அரிசியில் நார்ச்சத்து 100 கிராமுக்கு 3 கிராமுக்கும் குறைவு; சாமையில் 7 கிராமுக்கு மேல்; கேழ்வரகில் 11 கிராம். சாமையின் புரதம் 10 கிராம், அரிசியின் புரதம் 8 கிராம். நார்ச்சத்து கூடிய உணவு மெல்ல நேரம் எடுக்கும். செரிமானமும் மெதுவாக நடக்கும். அடுத்த பசி தள்ளிப்போகும். இரவு உணவில் சாமை உதவுவது இந்த வழியில்தான்.

அதுவும் சாமை எப்படித் தீட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. உமி நீக்கிய சாமையின் மேல் படர்ந்திருக்கும் தவிட்டில்தான் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் அதிகம். எந்திரத்தில் மீண்டும் மீண்டும் தீட்டி வெளுக்க வைத்த சாமை அரிசி இவற்றை இழந்துவிடும். பழுப்பு நிறம் மாறாத சாமையை, ஒரு பங்குக்குக் குறையாத பருப்பு அல்லது பயறு, இரண்டு பங்கு காய்கறி ஆகியவற்றோடு சேர்த்து உண்டால் இரவு 11 மணிப் பசி குறையும். கஞ்சியாகக் காய்ச்சி வெறுமனே குடித்தால் சீக்கிரமே பசிக்கும்.

நம்பிக்கை 5: கொள்ளும், வெந்நீரில் கலந்த தேனும் கொழுப்பைக் கரைக்கும்.

உண்மை: ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியின் பாதி, ஆய்விலும் தாக்குப்பிடிக்கும். 100 கிராம் கொள்ளில் 21 கிராமுக்கு மேல் புரதமும் கிட்டத்தட்ட 8 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. அதனால் கொள்ளுச் சுண்டலோ கொள்ளுத் துவையலோ இரவு உணவில் சேர்ந்தால் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும். ஆனால் அதிலும் 330 கலோரி இருக்கிறது. உடலில் ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பைக் கரைக்கும் தனிப் பொருள் கொள்ளில் இருப்பதாக நிறுவப்படவில்லை. கொள்ளை வடிகட்டிய ரசத்தில் சுவை மிகுதி, புரதம் சொற்பம்.

தேனில் பெரும்பகுதி சர்க்கரைதான். ஜவ்வாது மலைத்தேனாக இருந்தாலும் ஒரு மேசைக்கரண்டியில் 60 கலோரிக்குக் குறையாது. பசிக்கும்போது தேன்நீர் குடித்தால் சிறிது நேரம் பசி அடங்கும், பிறகு திரும்பும். இரவும் காலையும் ஒவ்வொரு கரண்டி என்றால் மாதத்துக்கு 3,600 கலோரி கூடுதலாகச் சேர்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் தேனைச் சர்க்கரைக் கணக்கிலேயே வைக்க வேண்டும்.

நம்பிக்கை 6: இரவுப் பசி உண்மையில் தாகம்தான், தண்ணீர் குடித்தால் போய்விடும்.

உண்மை: பாதி சரி. தண்ணீர் வயிற்றை விரித்துச் சற்று நேரம் நிறைவு தரும். ஆற்றல் தராததால் உண்மையான பசியை ஆற்றாது. சாப்பாட்டுக்கு முன் குடிப்பதில்தான் பயன் அதிகம். நடுவயதினரும் முதியோரும் பங்கேற்று 2010இல் வெளியான 12 வார ஆய்வில், ஒவ்வொரு வேளைக்கும் முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்துக் குறைந்த கலோரி உணவு உண்டவர்கள், அதே உணவை மட்டும் உண்டவர்களைவிட ஏறத்தாழ 2 கிலோ அதிகமாக எடை குறைத்தனர். படுக்கும் நேரத்தில் நிறையக் குடித்தால் சிறுநீர் கழிக்க எழுந்து தூக்கம் கெடும். கெட்ட தூக்கம் மறுநாள் பசியைக் கூட்டும்.

நம்பிக்கை 7: பசித்தாலும் படுக்கும் முன் எதையும் தொடக்கூடாது, அதிலும் தயிரும் பழமும் கூடவே கூடாது.

உண்மை: பசி தூக்கத்தைத் தடுக்கும் அளவுக்கு இருந்தால், 100 முதல் 150 கலோரிக்குள் ஏதாவது சாப்பிட்டுப் படுப்பது எடைக் குறைப்பைக் கெடுக்காது. அன்றைய மொத்தக் கணக்குக்குள் அது அடங்கினால் போதும். தயிருக்கும் பழத்துக்கும் இரவில் தனித் தீமை கிடையாது. ஒவ்வாமையோ நெஞ்செரிச்சலோ உள்ளவர்கள் மட்டும் தங்களுக்கு ஒத்துவராததைத் தவிர்க்கலாம்.

ஒரு தம்ளர் நீர்மோர், ஒரு வேகவைத்த முட்டை, அரைக் கிண்ணம் சுண்டல், ஒரு கொய்யா, சர்க்கரை போடாத ஒரு தம்ளர் பால் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அந்த அளவுக்குள் வரும். வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் என்றால் 170 கலோரி. பையோடு எடுத்து உட்கார்ந்தால் கணக்கு நிற்காது. மலையில் விளையும் சீத்தாப்பழத்தில் 100 கிராம் சதைக்கு ஏறத்தாழ 100 கலோரி, ஒன்று போதும்.

பசியா, வாய்க்கு ஏதாவது வேண்டும் என்ற ஆசையா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. சுண்டலோ முட்டையோ இருந்தாலும் சரி என்று தோன்றினால் அது பசி. முறுக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் சலிப்போ பழக்கமோ காரணமாக இருக்கலாம். அதற்குக் கடையிலிருந்து வாங்கி வைக்காமல் இருப்பதே எளிய தடுப்பு.

நம்பிக்கை 8: மலைக்குளிரில் இரவு கூடுதலாகச் சாப்பிட்டால்தான் உடல் தாங்கும்.

உண்மை: குளிரில் உடல் நடுங்கும்போது ஆற்றல் செலவு கூடுவது உண்மை. கம்பளிக்குள் படுத்திருப்பவர் நடுங்குவதில்லை. அவருக்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு. நாளெல்லாம் சரிவில் ஏறி இறங்கிக் காட்டு வேலை செய்பவருக்கு உணவு அதிகம் தேவைப்படுவது அவரது உழைப்புக்காக. சுற்றுலா வந்து விடுதியில் தங்குபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

நம்பிக்கை 9: இரவு வேலை பார்ப்பவர்கள் நள்ளிரவில் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டும்.

உண்மை: 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூர் ஆய்வகம் 1960களின் இறுதியில் தொடங்கியது. வானம் தெளிந்த இரவுகளில் அந்தி முதல் விடியல் வரை நீளும் அங்குள்ள வேலையில், உள்கடிகாரம் ஓய்வு கேட்கும் நேரத்தில் கைகளும் கண்களும் இயங்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனைச் செவிலியர், காவலாளி, ஆலைத் தொழிலாளி, லாரி ஓட்டுநர் எல்லாருக்கும் இதே நிலைதான்.

இரவில் இன்சுலினின் திறன் குறைவு என்பதால், அதே சோறு பகலைவிட இரவில் இரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றும். 19 பேரைச் செயற்கையான இரவுப்பணி நிலையில் வைத்து 2021இல் வெளியான ஆய்வில், இரவில் உண்டவர்களின் சராசரிச் சர்க்கரை அளவு 6.4 விழுக்காடு உயர்ந்தது. உணவைப் பகல் நேரத்துக்குள் வைத்துக்கொண்டவர்களுக்கு அப்படி உயரவில்லை. ஆகவே பணிக்குப் புறப்படும் முன் முழு உணவு, நள்ளிரவில் சுண்டல், முட்டை, மோர் போன்ற சிறு உணவு, காலையில் தூங்கும் முன் லேசான சிற்றுண்டி என்ற வரிசை பொருந்தும். காஃபின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், தூக்கத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே டீ, காபியை நிறுத்துவது நல்லது.

நம்பிக்கை 10: இரவுப் பசி எதுவானாலும் அடக்கிப் பழக வேண்டும்.

உண்மை: எடை குறைப்பு எல்லாருக்கும் உரியதன்று. மேலே சொன்ன 2019–21ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். அவர்களின் இரவுப் பசி, உணவு போதவில்லை என்பதற்கான நேரடி அறிகுறி. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் இரவில் பசித்தால் சாப்பிட வேண்டும்.

சில பசிகள் நோயின் குறி. வியர்வை, நடுக்கம், படபடப்போடு நள்ளிரவில் பசித்து எழும் நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். அவர் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கொண்டு, பிறகு மருந்தளவை மருத்துவரிடம் சரிபார்க்க வேண்டும். தீராத பசியோடு தாகமும் அடிக்கடி சிறுநீரும் எடை இழப்பும் சேர்ந்தால் இரத்தச் சர்க்கரையைச் சோதிப்பது அவசியம். நள்ளிரவில் மேல்வயிற்றில் சுருக்கென்று எழுப்பி, எதையாவது தின்றதும் அடங்கும் வலி சிறுகுடல் புண்ணாக இருக்கலாம். பலர் அதைப் பசி என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

நாளின் மொத்த உணவில் கால் பங்குக்கு மேல் இரவு உணவுக்குப் பிறகே உள்ளே போவதும், வாரத்தில் இரண்டு முறைக்குக் குறையாமல் தூக்கத்திலிருந்து எழுந்து சாப்பிடுவதும் இரவு உண்ணும் நோய்க்குறியின் அடையாளங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1955இல் இதை முதலில் விவரித்தார். இந்த நிலையில் இருப்பவருக்கு அறிவுரையால் பயனில்லை. மனநல ஆலோசனையும் தேவைப்பட்டால் மருந்தும் கைகொடுக்கும்.